கிழக்குப் பிரிவில் ஏரியூர்

ஏரியூர்
20.1.2025

மாவட்டக் கல்லூரி மகளிர் கால்பந்து லீக் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

கூடப் பிறந்த அண்ணனை ஐயா என்று எழுத எனக்கும் கை கூசுகிறது. ஆனால் "போன்ல பேசுனா சண்டதான் வருது, எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று போன வருடம் சொன்னது தாங்கள்தான். அண்ணனுக்கு என்று எழுதினால் சிபாரிசு ஆகிவிடும். எழுத்தில் கொடுக்கிறேன்.

இந்த வருட அட்டவணை வந்து சேர்ந்தது. எட்டுக் கல்லூரிகளைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாக்கியது நல்ல யோசனை. எட்டு அணியும் எட்டு ஊருக்கும் போய் ஆடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது. தன் பிரிவில் இருக்கிற மூன்று அணிகளோடு மட்டும், சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. சரி. ஆனால் எங்கள் ஏரியூர் அணி கிழக்குப் பிரிவில் இருக்கிறது. மொரப்பூர், அரூர், பொம்மிடி, அப்புறம் ஏரியூர். பொழுது எந்தப் பக்கம் சாய்கிறது என்று செயலாளருக்கு மறந்துவிட்டதா? ஏரியூருக்கு மேற்கே காவிரித் தண்ணீர்தான் இருக்கிறது.

மொரப்பூருக்கு வர எங்கள் பிள்ளைகள் ஊரிலிருந்து ஏரியூர், ஏரியூரிலிருந்து பென்னாகரம், அங்கிருந்து தர்மபுரி, அப்புறம் மொரப்பூர் என்று நான்கு பஸ் மாற வேண்டும். போன வருடம் லீக் ஆட்டம் ஒன்றுக்கு அங்கே வந்தோம். வழியில் டவுன் பஸ் பஞ்சர். அரை மணி நேரம் தாமதமாக மைதானத்தில் ஓடி வந்து நின்றபோது, "வராத அணி" என்று தாங்கள் எழுதிக் கையெழுத்தும் போட்டு முடித்திருந்தீர்கள். ஜெயித்த அணி தாங்களே பயிற்சி கொடுக்கிற மொரப்பூர். அன்றைக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கும். "இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றேன். அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

விதிப்படி, அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் ஒவ்வொரு முறை வராமல் போனால் அந்த அணி இரண்டு வருடத்துக்கு லீக்கை விட்டு நீக்கம். எங்களுக்கு ஒரு முறை ஆகிவிட்டது. இன்னொன்று ஆனால் இப்போது இருக்கிற பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஏரியூரில் பெண்கள் பந்து ஆடினார்கள் என்பதே இல்லாமல் போகும். எங்களை மேற்குப் பிரிவில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோ. கோகிலவாணி
உடற்கல்வி இயக்குநர்


மொரப்பூர்
27.1.2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீ ஐயா போட்டதைப் படித்து உன் அண்ணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வரைபடத்தை வைத்துக் கோடு போடுவது சுலபம். அப்படிப் போட்டால் தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு, ஏரியூர் நான்கும் மேற்கில் விழும். நான்குமே நன்றாக ஆடுகிற அணிகள். கிழக்கில் அரூரையும் எங்களையும் விட்டால் ஆள் இல்லை. ஒரு பக்கம் நான்கு புலி அடித்துக்கொள்ள, இன்னொரு பக்கம் சும்மா நடந்தே அரையிறுதிக்குப் போவது நியாயமா? அதனால்தான் கடத்தூரை மேற்கே தள்ளி, மேற்கிலிருந்து ஒரு அணியைக் கிழக்கே கொண்டு வந்தேன். பலம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். அந்த ஒரு அணி ஏரியூராக இருப்பது உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி என்பதை மாற்ற முடியாது. நடுவர்கள் சேலத்தில் வேலை பார்க்கிறவர்கள். மத்தியான ரயிலில் மொரப்பூரில் இறங்கி, ஆட்டம் ஊதிவிட்டு, ராத்திரி ரயிலில் திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சேலத்தில் வேறு ஆட்டங்கள். அவர்கள் இல்லாமல் லீக் இல்லை.

இன்னொன்று. நான் ஊரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இந்த வருடம் நம் புங்கம்பள்ளத்தில் ஏழு வருடத்துக்கு அப்புறம் பாரதம் நடத்துகிறார்கள், மாசிக் கடைசி வெள்ளி காப்புக் கட்டு என்று அம்மா சொன்னாள். உன் அணியில் ஏறக்குறைய எல்லாருமே நம் ஊர்ப் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்துத்தான் நீங்கள் மொரப்பூர் வரும் ஆட்டத்தை அதற்கு முந்தைய வாரம், மார்ச் 8 என்று வைத்தேன். காப்புக்கு அப்புறம் உங்களுக்கு ஆட்டமே கிடையாது. வேறு யாராவது செயலாளராக இருந்தால் இதைப் பார்த்திருப்பார்களா என்று யோசித்துப் பார்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரை தீர்ந்திருக்கும்.

சத்யராஜ்


ஏரியூர்
10.2.2025

செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் அட்டவணையை விடப் பெரிய அட்டவணை ஒன்று இருக்கிறது. அது மாயவன் வாத்தியாருடைய கூத்து ஜமாவின் அட்டவணை. பதினெட்டு நாள் பாரதம், தினம் ராத்திரி கூத்து. ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் என்று தை மாதமே தேதி கொடுத்துவிடுகிறார். நடுவில் ஒரு ஊரில் பெரிய சாவு விழுந்து அங்கே திருவிழாவை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு நம் ஊர் முன்னால் வந்துவிட்டது. காப்புக் கட்டு இப்போது பிப்ரவரி 28. நான் போய்த் தர்மகர்த்தா பெரியண்ணனிடம் பேசிப் பார்த்தேன். "ஜமாக்காரரு தேதி குடுத்தா சாமியே ஒத்துக்கும், நீ என்னம்மா பந்துக்காவ கேக்கற" என்றார்.

ஆக மார்ச் 8 காப்புக்குள் வந்துவிட்டது. நம் ஊர் வழக்கம் தங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியே போகலாம், ஆனால் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். பொழுது சாய்வது வெளியூரில் ஆகக் கூடாது. நான்கு மணிக்கு ஆரம்பித்த ஆட்டம் முடிய ஆறு. தனி வேன் வைத்துப் பறந்து வந்தாலும் எல்லைக் கல்லைத் தொட ஒன்பது ஆகும்.

ஆட்டத்தை எங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்க நினைத்தேன். அதுவும் முடியாது. கல்லூரிக்கு என்று மைதானம் இல்லை, நாங்கள் ஆடுவது நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் வெளியில்தான். கடைசி நாள் படுகளத்துக்கு மண் துரியோதனனை அங்கேதான் படுக்க வைக்கப் போகிறார்கள். இப்போதே மண் கொட்டியாகிவிட்டது. அவன் தலை ஒரு கோல் பக்கம், கால் இன்னொரு கோல் பக்கம். நடுவில் பந்து எங்கே ஓடும்?

கேட்பது ஒன்றுதான். மார்ச் 8 ஆட்டத்தை மார்ச் 22-க்குத் தள்ளி வையுங்கள். அதற்குள் காப்பு அவிழ்த்துவிடுவார்கள். நாங்கள் மொரப்பூருக்கே வந்து ஆடுகிறோம், தோற்றாலும் ஜெயித்தாலும். இல்லையென்றால் எங்களை "வராத அணி" என்று எழுதப் போவது தாங்கள். நீக்கப் போவதும் தாங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலிதான். மாத்திரை நான் வாங்கிவிட்டேன்.

கோகிலவாணி


மொரப்பூர்
17.2.2025

கோகிலாவுக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் வைத்தேன். படித்து முடிக்கவே விடவில்லை. அரூர் அணியின் திருமால் சார் எழுந்து, "தங்கச்சி டீமுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமாங்க? போன வருசம் எங்க ஊரு எருது விடற அன்னிக்கு ஆட்டம் போட்டீங்களே, நாங்க ஆளத் தேத்திக்கிட்டு வந்தமா இல்லையா?" என்று கேட்டார். மார்ச் 22 அரையிறுதி. அதற்கு முன்னால் எல்லா ஆட்டமும் முடிந்து புள்ளிகள் கணக்காக வேண்டும். ஒன்றைத் தள்ளினால் எல்லாம் தள்ளும். மாயவன் வாத்தியார் கதைதான் இங்கேயும்.

காலையில் வைக்கலாமா என்று நடுவர்களிடம் கேட்டேன். சனிக்கிழமை அரை நாள் வேலை, வர முடியாது என்றார்கள்.

கோகிலா, நான் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நீ நினைக்கிறாய். தேதி பார்த்துத்தான் போட்டேன். தேதி நகர்ந்தது என் கையில் இல்லை. போன வருடமும் அப்படித்தான். பஸ் பஞ்சர் ஆனது எனக்குத் தெரியும், நீங்கள் ஓடி வந்ததும் தெரியும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து நிற்கிறவர்கள் எதிரில் இருந்தார்கள். என் அணியே ஜெயிக்கிற இடத்தில் நான் இளகினால் அது நேர்மை என்று சொல்வார்கள். என் தங்கைக்காக இளகினால் என்ன சொல்வார்கள்?

காப்புக் கட்டாத வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஆளைச் சேர்த்துக்கொண்டு எப்படியாவது ஏழு பேராவது வந்து நில். ஏழு பேர் நின்றால் ஆட்டம் ஆட்டம்தான். தோற்றால் தோற்றுப் போகட்டும். அணி மிஞ்சும்.

சத்யராஜ்


புங்கம்பள்ளம்
24.2.2025

அண்ணா,

இன்றைக்கு ஐயா இல்லை. கோபம் அதிகமானால் உறவுதான் வாயில் வருகிறது.

நேற்று அம்மாவிடம், "தர்மபுரியைக் கிழக்கே போட்டிருந்தா என்ன? பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் மொரப்பூருக்கு ஓடுது. இருக்கறதுலயே கடைசி ஊர எதுக்கு இழுத்தான்?" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னாள். "நாந்தான் அவங்கிட்ட அழுதேன். ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்காம நான் செத்துருவேன்னு. அதுக்கு அவன், 'ஒரே பிரிவுல போட்டுடறேம்மா. வருசத்துக்கு ஒரு தடவ அவ இங்க வரணும், ஒரு தடவ நான் அங்க வரணும். விதி சொன்னா அவ கேப்பா'ன்னு சொன்னான்."

பலம் சமமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு அழகாக எழுதினாய்! நானும் அதை நம்பி, நம் பிள்ளைகளிடம் போய், நீங்கள் பெரிய அணி ஆகிவிட்டீர்கள், அதனால்தான் கிழக்கே போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். தேன்மொழி அதை உடம்பெல்லாம் பூரித்துக் கேட்டாள். அவள்தான் என் கேப்டன், பெரியண்ணன் வீட்டுக்கு எதிர் வீடு.

என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வந்திருக்கலாம். பதினாறு பிள்ளைகளை நான்கு பஸ் ஏற்றி இறக்கித்தான் உன் தங்கையைக் கூப்பிட வேண்டுமா? நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆத்திரத்திலும் அழுதேன், நீ என்னைத் தேடியிருக்கிறாய் என்பதிலும் அழுதேன்.

ஏழு பேரைத் தேற்றச் சொன்னாய். தேற்றினேன். தேன்மொழியே வந்து, "மேடம், நாங்க காப்பு கட்டிக்காம இருந்துக்கறோம். எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நாம போலாம்" என்றாள். ஆறு பேர் அவளோடு நின்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். இனி அடுத்த பாரதம் வர ஏழு வருடம் ஆகும். அதுவரைக்கும் ஊரில் மழை பெய்யவில்லை என்றாலும், மாடு கன்று செத்தாலும், "பந்து ஆடப் போனவளுங்களாலதான்" என்பார்கள். அந்தப் பேச்சை ஏழு வருடம் சுமக்க வேண்டியது அந்த ஏழு பேர், நீயும் இல்லை நானும் இல்லை. ஒரு பாழாய்ப்போன லீக்குக்காக அதை அவர்கள் தலையில் வைக்க மாட்டேன்.

மார்ச் 8 நாங்கள் வரவில்லை. எழுதிக்கொள். உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கும்.

கோகிலா


மொரப்பூர்
9.3.2025

ஏரியூர் அணி உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

8.3.2025 அன்று மாலை நான்கு மணிக்கு மொரப்பூரில் நடக்க இருந்த ஆட்டத்துக்கு இரு அணிகளும் மைதானத்துக்கு வரவில்லை. லீக் விதிப்படி, இரு அணிகளும் வராத ஆட்டம் நடக்காத ஆட்டமாகக் கருதப்படும். எந்த அணி மீதும் "வராத அணி" என்ற குறிப்பு ஏறாது. இரு அணிகளுக்கும் புள்ளி இல்லை. ஏரியூர் அணி லீக்கில் தொடர்கிறது.

செயலாளர்

கோகிலா,

மேலே இருப்பதை நீ பிள்ளைகளிடம் படித்துக் காட்டலாம். கீழே இருப்பது உனக்கு.

அந்த விதி, பந்த் நடந்து பஸ் ஓடாத வருடம் நான் எழுதியது. அதை இப்படிப் பயன்படுத்துவேன் என்று நினைத்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாளைக்கு ஆட்டம் ரத்து, யாரும் வர வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். நடுவர் வரவில்லை என்று பொய் சொன்னேன். நடுவர்கள் வந்தார்கள். நான் மட்டும் மைதானத்தில் நின்றேன். அவர்கள் கடிகாரம் பார்த்து, விசில் ஊதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் கேப்டன் அம்பிகாவை உனக்குத் தெரியும். கடைசி வருடம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவரை, அவள் ஆடுவதைப் பார்க்க இந்த ஆட்டத்துக்கு வாருங்கள் என்று ஒரு மாதம் முன்னால் கூப்பிட்டிருந்தேன். அவரும் அதே ரயிலில் வந்து இறங்கினார். காலி மைதானத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார்?" என்றார். வரச் சொன்னவனும் நான்தான், ஆளை ஒளித்தவனும் நான்தான். டீ வாங்கிக் கொடுத்து ஏற்றிவிட்டேன்.

அந்த மூன்று புள்ளி இல்லாமல் நாங்கள் அரையிறுதிக்குப் போகப் போவதில்லை. பரவாயில்லை. உங்கள் அணி நிற்கிறது.

சத்யராஜ்


புங்கம்பள்ளம்
13.3.2025

அண்ணா,

யார் உன்னைக் கேட்டது?

உன் கடிதத்தின் மேல்பாதியைப் படித்துக் காட்டியதும் பிள்ளைகள் கத்திய கத்தலில் கோயில் மேளம் கேட்கவில்லை. மண் துரியோதனனைச் சுற்றி ஓடினார்கள். அப்புறம் தேன்மொழி திரும்பி வந்து, "அவங்க எதுக்கு மேடம் வரல? அவங்க ஊரு தானே?" என்று கேட்டாள். நான் மழுப்பிப் பார்த்தேன். அவள் விடவில்லை. சொன்னேன். அம்பிகாவைப் பற்றியும் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் போனார்கள்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை உனக்குத் தெரியும். நீ உடைத்த தேங்காய் அம்பிகா. உன்னுடையது என்று ஏதாவது உடைத்திருந்தால் நான் கும்பிட்டிருப்பேன். செயலாளர் பதவியை விட்டுவிட்டு, "என் தங்கை மீது எனக்கு ஆசை, அதனால் தப்பாகப் பிரித்தேன், இந்த ஆட்டத்தைத் தள்ளி வையுங்கள்" என்று திருமால் சார் முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். அதற்குத் துணிச்சல் இல்லை. இருபது வயசுப் பிள்ளையிடம் பொய் சொல்லத் துணிச்சல் இருந்தது.

இன்றைக்கு எங்கள் ஊரில் அரவான் களபலி. ஜெயிக்கிறவர்களுக்காக, சண்டையே போடாத ஒருத்தனை வெட்டுவார்கள். ஊரே அழும். அதிலும் ஒன்று பார், அரவானிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறார்கள். அவன் சரி என்று சொல்கிறான். அம்பிகாவிடம் நீ கேட்டாயா?

இந்த அணி மிஞ்ச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். கடிதம் படித்தபோது ஒரு நிமிடம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடம்தான் இப்போது என்னைத் தின்கிறது. போய் உன் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல். அப்புறம் குழுவிடம் சொல். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

கோகிலா


மொரப்பூர்
24.3.2025

கோகிலா,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

குழுவில் சொல்வது சுலபமாக இருந்தது. எல்லாரும் கத்தினார்கள். கத்தினால் நமக்குத் தாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது. என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மொரப்பூர் அணி அடுத்த வருடம் ஆடலாம், நான் மைதானத்தில் நிற்கக் கூடாது என்றார்கள். மார்ச் 8 ஆட்டத்தின் முடிவை மாற்ற முடியாது. இரு அணியும் வரவில்லை என்பது உண்மைதானே, விதி விதிதான் என்று திருமால் சாரே சொன்னார். உங்கள் அணிக்கு எந்தப் பங்கமும் இல்லை.

பிள்ளைகளிடம் சொன்னது அப்படி இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்பிகா மட்டும் என்னைப் பார்த்தாள். "எங்ககிட்ட கேட்டிருந்தா நாங்களே வராம இருந்திருப்போம் சார். அந்தப் புள்ளைங்க ஆடணும்னா நாங்க வுட்டுக் குடுத்திருப்போம். நீங்க எதுக்குங்க சார் எங்கள ஏமாத்துனீங்க?" என்றாள். பந்து, ஜெர்சி எல்லாவற்றையும் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். துவைத்து, மடித்து வைத்திருந்தாள். பல்கலைக்கழகக்காரருக்குப் போன் செய்தேன். ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்றார்.

இது நான் சுமக்க வேண்டியது. உன் மீது போட இதை எழுதவில்லை.

அடுத்த வருடம் பிரிவுகளை யார் போடுவது என்று பேச்சு வந்தது. யாரும் முன்வரவில்லை. நான் வெளியே வந்த பிறகு திருமால் சார் உன் பெயரைச் சொன்னாராம். "சொந்த அண்ணன்கிட்டயே வருசம் பூரா சண்ட போட்ட பொம்பள. அவ போட்டா ஒருத்தருக்கும் சாதகமா இருக்காது" என்று. குழு உனக்கு எழுதும். மறுக்காதே. நான் செய்ததில் தப்பு எது என்று உனக்குத்தான் முழுக்கத் தெரியும்.

படுகளம் நல்லபடியாக முடிந்ததா? அம்மா போனில் சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை.

சத்யராஜ்


ஏரியூர்
8.12.2025

அண்ணா,

இத்தனை மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அம்பிகா ஞாபகம் வந்துவிடும். பேனாவை மூடிவிடுவேன்.

புது அட்டவணை இதோடு இருக்கிறது. குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னால் உனக்கு அனுப்புவது விதிக்குப் புறம்பு. பார்த்துவிட்டுக் கிழித்துவிடு. பிரிவு போடுவது எவ்வளவு பாடு என்று இப்போது தெரிகிறது. பலத்தைப் பார்த்தால் பஸ் இடிக்கிறது, பஸ்ஸைப் பார்த்தால் பலம் இடிக்கிறது. உன்னைத் திட்டியதில் கால் வாசியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முக்கால் வாசி அப்படியே இருக்கட்டும்.

பிரிவைப் பஸ்ஸை வைத்தே போட்டுவிட்டேன். ஏரியூர் மேற்கே, கடத்தூர் கிழக்கே. மேற்கில் நான்கும் பலமான அணி என்றாயே, அதற்கு ஒரு வழி செய்தேன். அரையிறுதிக்குப் பிரிவுக்கு இரண்டு என்று இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருகிற அணி நேராகப் போகும். மீதி இரண்டு இடத்துக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் புள்ளி அதிகம் எடுத்தவர்கள். காப்பு, எருது விடுதல், மாரியம்மன் எல்லாம் எந்தத் தேதி என்று எட்டு ஊரிலும் கேட்டு, ஒவ்வொரு அணிக்கும் ஒரு வாரம் காலியாக விட்டிருக்கிறேன். தேதி நகர்ந்தால் ஆட்டம் அந்த வாரத்துக்கு நகரும். திருமால் சார் எருது விடும் தேதியை முதல் ஆளாகக் கொடுத்தார்.

ஆட்டங்கள் எல்லாம் காலை பத்தரைக்கு. ரயில் இல்லாமல் நடுவர் எங்கே என்று கேட்பாய். படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பழைய ஆட்டக்காரிகளுக்குத்தான் நடுவர் பயிற்சி கொடுத்திருக்கிறோம். தர்மபுரியில் பத்து பேர் வந்தார்கள். உள்ளூரிலேயே விசில் இருந்தால் யாருடைய ரயிலுக்கும் காத்திருக்க வேண்டாம். அம்பிகாவைக் கூப்பிட நானும் தேன்மொழியும் அவள் வீட்டுக்கே போனோம். ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். தேன்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்குக் கடன்பட்டிருக்கோம்" என்றாள். அம்பிகா கையை இழுத்துக்கொண்டாள். "கடன்னு சொல்லாத, நான் எதையும் குடுக்கல. எடுத்துக்கிட்டாங்க" என்றாள். பயிற்சிக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விசிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஒன்று பாக்கி. இரண்டு பிரிவாகிவிட்டால் இந்தப் பக்கத்து அணி அந்தப் பக்கத்து அணியைப் பார்க்காமலே வருடம் போய்விடும். அதனால் ஒவ்வொரு அணியும் எதிர்ப் பிரிவில் ஒரு அணியைத் தேர்ந்தெடுத்து, வருடத்துக்கு ஒரு முறை ஆட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். யாரோடு என்று பிள்ளைகளிடமே கேட்டேன். எங்கள் பிள்ளைகள் ஒரே குரலில் மொரப்பூர் என்றார்கள். உன் பிள்ளைகளிடமும் ஆள் விட்டுக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர்களும் ஏரியூர் என்றார்கள்.

ஜனவரி 24, மொரப்பூரில். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் மாலை நான்கு மணிக்குப் போட்டிருக்கிறேன். உனக்குத் தடை இருக்கிறது, மைதானத்துக்கு நீ வர முடியாது. ஆட்டம் முடிந்து கிளம்பினால் எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் கிடைக்காது. தெரிந்தேதான் போட்டேன். பிள்ளைகள் வீட்டில் எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது, பெரியண்ணன் உள்பட. இந்த வருடம் காப்பு இல்லை. ராத்திரி எங்கே தங்குவது என்று குழு கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். எல்லாருக்கும் சோறு ஆக்க வேண்டும் என்று அண்ணியிடம் இப்போதே சொல்லி வை. அம்பிகா ஊத வந்தால் அவளுக்கும் சேர்த்து.

வாசற்படியைப் பற்றி நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. சொன்ன சொல் சொன்னதுதான். உன் வீட்டுக்குப் பின்வாசல் இருக்கிறதா? இருந்தால் எழுது.

கோகிலா